ஜாக்கி எங்க முட்டுது, எங்க நிக்குது?

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறவங்க முதல்ல எதைப் பார்ப்பாங்க? பெயின்ட், சீட் கவர், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஏசி சில்லுனு வருதா. எங்க விருத்தாசலத்துல பழைய கார் வாங்கி விக்கிற ஒரு அண்ணன் இருக்கார். அவர் இது எதையும் முதல்ல பார்க்க மாட்டார். தரையில மண்டி போட்டு, கதவுக்குக் கீழ கையை விட்டு, அந்த விளிம்பை முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் தடவிப் பார்ப்பார். விளிம்பு நேரா இருந்தா ஒரு விலை. நெளிஞ்சு, பெயின்ட் உரிஞ்சு, கையில துரு ஒட்டினா வேற விலை.

அந்த நெளிவு பெரும்பாலும் ஆக்சிடென்ட்ல வந்ததா இருக்காது. பஞ்சர் ஆன ஏதோ ஒரு நாள்ல, அவசரத்துல, ஜாக்கியை ரெண்டு விரக்கடை தள்ளி வெச்சுத் தூக்கினதுல வந்திருக்கும். பத்து நிமிஷ வேலைல ஆன காயம். டிங்கர் கடைக்குப் போனா இழுத்து நேராக்கி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சுத் தருவாங்க. அது காருக்கு. ஜாக்கி சறுக்கும்போது அடியில இருந்த கைக்கும் காலுக்கும் டிங்கர் வேலை கிடையாது. ஜாக்கி நழுவி மெக்கானிக் பலின்னு நாளிதழ்ல ஓரமா வர்ற செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க.

ஸ்க்ரூ ஜாக் கணக்கு போடாம மெக்கானிக்கல் டிகிரி யாரும் வாங்க முடியாது. உராய்வுக் கோணம், லீட் ஆங்கிள், எபிஷியன்சி எல்லாம் மனப்பாடம். ஆனா வீட்டுக் காரோட டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுடான்னு சொன்னா, அது எந்த மேட்டுக்கு அடியில இருக்குன்னு நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால இந்த மாசம் ஜாக்கி.

விஷயம் ரெண்டே கேள்விதான். ஜாக்கியோட மேல் முனை கார்ல எங்க முட்டுது? கீழ் முனை எது மேல நிக்குது? முதல் கேள்வி காரோட உடம்பைக் காப்பாத்தும். ரெண்டாவது நம்ம உடம்பை.

காருக்கு எலும்பு எங்க?

பொலேரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிகள்ல ஏணி மாதிரி ஒரு ஸ்டீல் சட்டம் அடியில தனியா இருக்கும். அதுக்குப் பேரு சேஸிஸ். பாடி அதுமேல உட்கார்ந்திருக்கும். தூக்கணும்னா சட்டத்தையோ ஆக்ஸிலையோ தூக்கலாம், பாடிக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா நம்ம வீடுகள்ல நிக்கிற ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, டியாகோ எதுக்கும் அப்படித் தனி சட்டம் கிடையாது. பாடியேதான் சட்டம். மெல்லிசான தகடுகளை மடிச்சு, பெட்டி பெட்டியா ஆக்கி, ஆயிரக்கணக்கான இடத்துல ஸ்பாட் வெல்டிங் வெச்சு ஒட்டினா அதுவே எடையைத் தாங்கும். இதைத்தான் மோனோகாக்னு சொல்றாங்க. 1922ல வந்த லான்சியா லாம்ப்டா இந்த யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தது. 1934ல சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான் அதை ஸ்டீல்ல, பெரிய எண்ணிக்கையில செஞ்சு காட்டுச்சு. "அம்பாசடர்னா இரும்பு சேஸிஸ், இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா"ன்னு பெரியப்பாக்கள் சொல்லுவாங்க. அந்த அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டும் தனி சேஸிஸ் இல்லாத வண்டிதான். பெரியப்பாகிட்ட இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது, விட்டுருங்க.

மோனோகாக் கார்ல தரைத் தகடு எவ்வளவு தடிமன் இருக்கும்னு நினைக்கிறீங்க? ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. ஏறக்குறைய 0.7. இதுல 350 கிலோவை ஒரு சின்ன வட்டத்துல முட்டினா என்ன ஆகும்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். பாட்டில் ஜாக்கியோட தலை 25 மில்லிமீட்டர் விட்டம்னு வெச்சுக்குவோம். பரப்பு ஏறக்குறைய 4.9 சதுர சென்டிமீட்டர். 350 கிலோவை அதால வகுத்தா 71 கிலோ, அதாவது 7 மெகா பாஸ்கல். சாதாரண பாடி ஸ்டீலே 180 மெகா பாஸ்கலுக்குக் குறையாம தாங்கும். அப்ப ஒண்ணும் ஆகக் கூடாதே? பரீட்சையில இங்கயே "டிசைன் சேஃப்"னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்போம்.

ஆனா தகடு நசுங்கி வீணாப் போறதில்ல, மடங்கி வீணாப் போகுது. தகட்டோட வளையா வலிமை தடிமனோட மும்மடிக்குப் போகும். தடிமன் பாதியானா வலிமை எட்டுல ஒண்ணு. ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல பாலம் மாதிரி படுக்க வைங்க. மேல ஒரு பேனாவை வெச்சாலே தொங்கும். அதே கார்டை விளிம்பு கீழ வர்ற மாதிரி நிமிர்த்தி வெச்சு, ரெண்டு பக்கமும் சாயாம பிடிச்சுக்கிட்டு, மேல இருந்து அழுத்துங்க. நிக்கும். பிடியை விட்டுட்டு அழுத்தினா படக்குனு ஒரு பக்கமா மடிஞ்சிடும். கார்டோட மெட்டீரியல் மாறவே இல்ல, நிக்கிற விதமும் பக்கவாட்டுப் பிடிப்பும் மட்டும்தான் மாறுச்சு.

கதவுக்குக் கீழ நீளமா ஓடுற அந்த விளிம்பு இப்படி நிமிர்ந்து நிக்கிற கார்டுதான். கதவுப் படியோட உள் தகடும் வெளித் தகடும் சேருற இடத்துல ரெண்டு மூணு தகடை ஒண்ணா வெச்சு அழுத்தி வெல்டிங் பண்ணியிருப்பாங்க. பின்ச் வெல்ட்னு பேரு. அது முழுக்க ஒரே மாதிரி வலுவா இருக்காது. முன் வீலுக்குக் கொஞ்சம் பின்னாடி ஒண்ணு, பின் வீலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒண்ணு, ஒவ்வொரு பக்கமும் ரெண்டு இடத்துல மட்டும் உள்ள கூடுதல் தகடு வெச்சு வலுப்படுத்தியிருப்பாங்க. பக்கவாட்டுப் பிடிப்பு அங்கதான் இருக்கு. அந்த இடம் தெரியறதுக்காக விளிம்புல சின்னதா ரெண்டு வெட்டு போட்டிருப்பாங்க. சில கார்ல வெட்டுக்குப் பதிலா அம்புக்குறியோ பள்ளமோ இருக்கும். அந்த ரெண்டு வெட்டுக்கு நடுவுல ஜாக்கி தலை உட்காரணும். ஒரு ஜாண் தள்ளி வெச்சா, பிடிப்பு இல்லாத கார்டை அழுத்தின கதைதான். வெளியில பார்த்தா அதே விளிம்பு, உள்ள ஆதரவு கிடையாது.

விளிம்பு நெளிஞ்சா கார் ஓடாமப் போயிடாது. அதனாலதான் யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா மடிஞ்ச இடத்துல பெயின்ட்டும், அடியில இருக்கிற சீலன்ட்டும் வெடிச்சிருக்கும். மழைக்காலத்துல சேறும் தண்ணியும் அந்த வெடிப்புக்குள்ள போய்த் தங்கும். ரெண்டு தகடுக்கு நடுவுல துரு ஆரம்பிச்சா வெளிய தெரியறதுக்குள்ள உள்ள நிறைய போயிருக்கும். இன்னொரு தொல்லையும் இருக்கு: நெளிஞ்ச விளிம்பு அடுத்த தடவை ஜாக்கி தலையோட பள்ளத்துல சரியா இறங்காது. ஒரு தடவை பண்ணின தப்பு அடுத்த தடவை ஜாக்கி சறுக்கறதுக்குக் காரணமாகும்.

பீங்கான் ஊர்க்காரன் சொல்றேன்

இப்ப கீழ் முனைக்கு வருவோம். எங்க ஊரை ரயில் ஜங்ஷனா சில பேருக்குத் தெரியும், பழமலைநாதர் கோயிலா சில பேருக்கு. மின்சார சாமான் கடைக்காரங்களுக்குத் தெரிஞ்சது பீங்கான். ப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, பொம்மைன்னு சூளையில வெந்து வர்ற சாமான்கள் இங்க தொழில். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிற பயிலகமே இருக்கு. அதனால உடைஞ்ச பீங்கான், டைல்ஸ் துண்டு, செங்கல் எதுக்கும் எங்க தெருவுல பஞ்சம் இல்ல. ரோட்டோரத்துல கார் பஞ்சர் ஆனா, ஜாக்கிக்கு அடியில வைக்கக் கை முதல்ல போறது அந்தத் துண்டுகள் மேலதான்.

கை போகக் கூடாது. காரணம் பீங்கான் வலு இல்லாத பொருள்ங்கறதால இல்ல. அமுக்கினா அது தாங்குற அளவு பல இரும்புகளையே தோக்கடிக்கும். ஆனா இழுத்தா, வளைச்சா, அதுல பத்துல ஒரு பங்குகூடத் தாங்காது. கரடுமுரடான மண் மேல ஒரு டைல்ஸை வெச்சு, நடுவுல ஜாக்கியை நிறுத்தினா டைல்ஸ் ஒரு சின்ன பாலம் ஆயிடுது. மேல் பக்கம் அமுங்குது, அடிப்பக்கம் இழுபடுது. இழுபடுற பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். ஸ்டீல் மாதிரி கொஞ்சம் வளைஞ்சு காட்டி எச்சரிக்காது. டப்புனு ரெண்டாகும். செங்கலும் ஹாலோ பிளாக்கும் இதே குடும்பம்தான். ஹாலோ பிளாக்கைப் படுக்க வெச்சு மேல காரை இறக்கி நிறுத்தறதை ஷெட்டுகள்ல பார்த்திருக்கலாம். எடையைத் தாங்கும், தாங்காமப் போற அந்த ஒரு நொடி வரைக்கும். அதுக்கு முன்னாடி முனகல்கூட வராது.

மரம் அப்படி இல்ல. முதல்ல அமுங்கும், நார் பிரியும், கிறீச்னு சத்தம் போடும். நகர நமக்கு நேரம் கிடைக்கும். ஜாக்கிக்கு அடியில மரப்பலகை வைக்கச் சொல்றது இதனாலயும்தான்.

பலகைக்கு இன்னொரு வேலை இருக்கு. சிவில் நண்பர்கள் இதை ஒரு வரியில சொல்லிடுவாங்க. கத்தரி ஜாக்கியோட அடித்தட்டு 18க்கு 8 சென்டிமீட்டர்னு வைங்க. 144 சதுர சென்டிமீட்டர். 350 கிலோ அதுமேல இறங்கினா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.4 கிலோ. மழையில நனைஞ்ச களிமண் ஒரு கிலோவுக்கே திணறும். 30க்கு 25 சென்டிமீட்டர் பலகையை அடியில வெச்சா இதே எடை 750 சதுர சென்டிமீட்டர்ல பரவி அரை கிலோவுக்கும் கீழ வந்துடுது. பலகை மெல்லிசா இருந்தா வளைஞ்சு இந்தக் கணக்கைப் பொய்யாக்கும், ஒரு அங்குலமாவது தடிமன் வேணும். எங்க பக்கம் நெய்வேலி ரோட்டுல முந்திரித் தோப்பு ஓரமா இறங்கினா செம்மண்ணும் மணலும்தான். பலகை இல்லாம ஜாக்கி போட்டா கார் மேல போறதுக்குப் பதிலா ஜாக்கி கீழ போகும். அதுவும் நேரா போகாது, ஒரு பக்கமா சாஞ்சு போகும்.

தார் ரோடுன்னா கவலை இல்லைன்னு நினைக்க வேண்டாம். சித்திரை மாச மத்தியானத்துல தார் இளகி இருக்கும். புல்லட்டை சைடு ஸ்டாண்டு போடும்போது அடியில ஒரு தட்டைக் கல்லையோ டப்பா மூடியையோ வைக்கிறோமே, ஏன் வைக்கிறோம்? அதே காரணம்தான்.

350 கிலோன்னு எங்க இருந்து எடுத்தேன்னு கேக்கலாம். கார் 900 கிலோ, அதுல 60 சதவீதம் முன்பக்கம்னா ஒவ்வொரு முன் வீலுக்கும் 270 கிலோ. ஜாக்கி வீலுக்கு நேரா இல்லாம கொஞ்சம் பின்னாடி, காரோட நடுவை நோக்கி நிக்குது. அதனால வீல் சுமந்ததைவிடக் கூடுதலாவே சுமக்கணும். 350ன்னு வெச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

கியர்ல போட்டா நிக்குமா?

எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். "கியர்ல போட்டுட்டேன், கார் நகராது"ன்னு எல்லாரும் நம்பறோம். நம்ம சின்னக் கார்கள் முன் வீல் டிரைவ். எஞ்சின் ஓடாம, கியர்ல இருக்கும்போது டிஃபரன்ஷியலோட கூடு பூட்டினாப்பல நிக்கும். ரெண்டு முன் வீலும் தரையில இருக்கிற வரைக்கும் கார் நகராது, சரிதான். இப்ப ஒரு முன் வீலைத் தூக்கிட்டோம். அது காத்துல, எந்தத் தடையும் இல்லாம இருக்கு. டிஃபரன்ஷியலோட வேலையே ரெண்டு வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடறதுதானே? கூடு அசையாம இருக்கும்போதே தரையில இருக்கிற வீல் முன்னாடி உருளலாம், காத்துல இருக்கிற வீல் பின்னாடி சுத்தும். கியர் போட்டது போடாததுக்குச் சமம்.

அப்ப காரை யார் பிடிச்சுக்கிட்டு இருக்கா? ஹேண்ட் பிரேக் மட்டும். அது பின் ரெண்டு வீலுக்கு. பழைய கார்ல அந்தக் கேபிள் தளர்ந்து போயிருக்கறது சர்வ சாதாரணம். பின் வீலைத் தூக்கும்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்ல. முன் ரெண்டு வீலையும் கியர் பிடிச்சுக்கும், தரையில மிச்சம் இருக்கிற பின் வீலை ஹேண்ட் பிரேக் பிடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக் கார்ல "பி"யில போட்டாலும் இதே டிஃபரன்ஷியல் கதைதான்.

அதனாலதான் கட்டை. மாசி மகத்துக்கு எங்க ஊர் வந்தீங்கன்னா தேர் பக்கம் நின்னு பாருங்க. வடம் பிடிக்கிற கூட்டத்தை எல்லாரும் பார்ப்பாங்க, சக்கரத்துக்குப் பக்கத்துலயே முட்டுக்கட்டையோட குனிஞ்சு நடக்கறவங்களை யாரும் பார்க்க மாட்டாங்க. அத்தனை பெரிய தேரை நிறுத்தறதும் திருப்பறதும் அவங்கதான். காருக்கும் அதே மாதிரி, தூக்கற வீலுக்கு எதிர்மூலையில இருக்கிற வீலுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு முட்டு கொடுக்கணும். ஆப்பு மாதிரி சரிவா வெட்டின கட்டைன்னா நல்லது. கல்லுதான் கிடைச்சுதுன்னா உருண்டைக் கல் வேண்டாம், டயருக்கு அடியில நல்லா செருகிக்கிற கல்லா பாருங்க.

திருகு சுத்தும்போது

காரோட கூடவே வர்றது பெரும்பாலும் கத்தரி ஜாக்கி. நாலு கை, நடுவுல ஒரு திருகு. கை தரையோட பண்ற கோணம் 15 டிகிரியா இருக்கும்போது, மேல இருக்கிற எடையைவிட 3.7 மடங்கு இழுவை திருகுல வரும். 45 டிகிரிக்கு வந்தா எடைக்குச் சமம். (எடையை அந்தக் கோணத்தோட டேன் மதிப்பால வகுத்தா வந்துடும், வர்ச்சுவல் ஒர்க் முறையில ரெண்டு வரி.) ஆரம்பத்துல திருகு கஷ்டமா இருக்கறதுக்கு இதுதான் காரணம். நல்ல வேளையா முழு எடையும் உடனே வராது. முதல்ல சஸ்பென்ஷன் ஸ்பிரிங் விரியும், டயர் தரையை விட்டுக் கிளம்பும்போதுதான் முழுசா வரும், அதுக்குள்ள ஜாக்கி கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

பாதியில கையை விட்டா கார் ஏன் இறங்கறதில்ல? திருகோட சராசரி விட்டம் 12.5, பிட்ச் 3 மில்லிமீட்டர்னா லீட் ஆங்கிள் 4.4 டிகிரி. உராய்வுக் கெழு 0.15ன்னா உராய்வுக் கோணம் 8.5 டிகிரி. உராய்வு ஜெயிக்குது, திருகு தானா சுத்தாது. இதுக்கு நாம கொடுக்கிற விலை, நம்ம உழைப்புல மூணுல ரெண்டு பங்கு சூடாப் போறது. எபிஷியன்சி குறைவா இருக்கறதைக் குறையா மட்டுமே படிச்சிருக்கோம். இங்க அந்தக் குறைதான் நம்மள உயிரோட வெச்சிருக்கு.

ஹைட்ராலிக் ஜாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆயிலை ஒரு வால்வும் ஒரு ரப்பர் சீலும் பிடிச்சு வெச்சிருக்கு. சீல் தேய்ஞ்சா நம்ம கண் முன்னாடியே மெதுவா இறங்கும், இல்ல திடீர்னு இறங்கும். திருகு ஜாக்கி இறங்காது, ஆனா சாயும். எந்த ஜாக்கியும் தூக்கறதுக்குத்தான், தாங்கி நிக்கறதுக்கு இல்ல. காருக்கு அடியில உடம்பு போகணும்னா ஜாக் ஸ்டாண்டு வேணும். அது இல்லைன்னா அடியில போற வேலையே வேண்டாம். வீல் மாத்தறதுக்கு அடியில போக வேண்டிய அவசியமே கிடையாது.

சாயும்னு சொன்னேனே, அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. காரை ஒரு பக்கம் தூக்கும்போது அது நேரா மேல போறதில்ல, எதிர்ப்பக்க டயரை மையமா வெச்சு வட்டப் பாதையில போகுது. ஜாக்கி முட்டுற இடம் அந்த டயர்ல இருந்து 1.4 மீட்டர் தள்ளி, தரையில இருந்து 20 சென்டிமீட்டர் உயரத்துல இருந்தா, 14 சென்டிமீட்டர் தூக்கறதுக்குள்ள அது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல உள்பக்கமா நகர்ந்திருக்கும். சஸ்பென்ஷனைக் கணக்குல சேர்க்காத தோராயம்தான். ஆனாலும் அடி அங்கயே இருக்க, தலை மட்டும் உள்ள போகுதுங்கறது புரியும். அதனால எவ்வளவு கம்மியா தூக்க முடியுமோ அவ்வளவு கம்மியா தூக்குங்க. ஸ்டெப்னில காத்து முழுசா இருக்கறதால அது உள்ள போக, பஞ்சர் டயர் கிளம்பறதைவிட ஒரு மூணு நாலு சென்டிமீட்டர் கூடுதலா வேணும். அதுக்கு மேல ஒரு சுத்துகூட வேண்டாம். நடுவுல ஜாக்கி கண்ணுக்குத் தெரியற மாதிரி சாஞ்சிருந்தா, காலால தட்டி நேராக்காதீங்க. இறக்கிட்டு மறுபடி வைங்க.

ரோட்டுல நிக்கும்போது

வரிசை முக்கியம். மெதுவா உருட்டிக்கிட்டாவது சமதளமான இடத்துக்குப் போங்க. டயர் போனாப் போகுது. நெய்வேலி பக்கம் போற கனரக லாரி ஒண்ணு பக்கத்துல வேகமா கடந்தாலே ஜாக்கி மேல நிக்கிற கார் ஆடும், அதனால ரோட்டை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. ஹசார்டு லைட், பின்னாடி ஐம்பது மீட்டர் தள்ளி சிவப்பு முக்கோணம். கார்ல இருக்கிறவங்க எல்லாரும் இறங்கணும், தூங்கற பாட்டி உட்பட. ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்மூலைக்குக் கட்டை. கதவெல்லாம் சாத்தியாச்சான்னு பாருங்க. ஒரு மூலையில தூக்கும்போது பாடி லேசா முறுக்கும், திறந்திருக்கிற கதவு அப்புறம் சரியா சாத்தாம அடம் பிடிக்கலாம்.

ஜாக்கியைத் தொடறதுக்கு முன்னாடி நட்டுகளை அரைச் சுத்து தளர்த்திக்கோங்க. சின்னக் கார் நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு இருக்கும் (சரியான எண் ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும்). 30 சென்டிமீட்டர் ஸ்பேனர்ல அது 34 கிலோ தள்ளு. துரு பிடிச்சிருந்தா அதைவிட ஜாஸ்தி. கார் ஜாக்கி மேல நிக்கும்போது பக்கவாட்டுல அவ்வளவு தள்ளினா அது காரைத் தள்ளறதுதான்.

அப்புறம் ரெண்டு வெட்டுக்கு நடுவுல ஜாக்கி. தலையில இருக்கிற பள்ளத்துக்குள்ள விளிம்பு இறங்கணும். கையாலயே திருகித் தலை தொடற வரைக்கும் கொண்டு வாங்க. தொட்டதும் நிறுத்திட்டு, குனிஞ்சு, முன்னாடி இருந்து ஒரு தடவை, பக்கத்துல இருந்து ஒரு தடவை பாருங்க. கைக்கு எடை தெரிய ஆரம்பிச்சதும் மறுபடி ஒரு தடவை. நறநறன்னு தகடு சத்தம் கேட்டா இடம் தப்பு. "இன்னும் ரெண்டு சுத்துதானே மச்சி"ன்னு பக்கத்துல நிக்கிறவன் சொல்லுவான். அவன் கார் இல்ல.

வீலைக் கழட்டறதுக்கு முன்னாடி ஸ்டெப்னியைக் கதவுப் படிக்கு அடியில, ஜாக்கிக்குப் பக்கத்துல, படுக்க வெச்சுத் தள்ளிடுங்க. பஞ்சர் வீலைக் கழட்டினதும் அதை அடியில தள்ளிட்டு ஸ்டெப்னியை வெளிய எடுங்க. ஜாக்கி நழுவினாலும் கார் வீல் மேல உட்காரும், உங்க கை தப்பும். செலவே இல்லாத ஜாக் ஸ்டாண்டு. நட்டுகளை எதிரெதிரா மாத்தி மாத்திக் கையால இறுக்கி, காரை இறக்கி, அப்புறம் ஸ்பேனர்ல முழுசா இறுக்குங்க.

பஞ்சர் கடையில

கடையில கத்தரி ஜாக்கி இருக்காது. பாட்டில் ஜாக்கியோ ட்ராலி ஜாக்கியோ இருக்கும். பாட்டில் ஜாக்கிக்குத் தலை உருண்டை, பள்ளம் கிடையாது. ட்ராலி ஜாக்கிக்குத் தலை அகலத் தட்டு. ரெண்டையும் நேரா விளிம்புக்குக் கொடுத்தா விளிம்பு நசுங்கும். நடுவுல மரக்கட்டை வைப்பாங்க. ஆக்ஸிலுக்கோ கிராஸ் மெம்பருக்கோ கொடுக்கும்போது அது நல்ல வழிதான். விளிம்புக்குன்னா சிக்கல்: விளிம்பு மரத்தோட நார் ஓடற திசையிலயே உட்கார்ந்தா விறகு பிளக்கற கோடாலி மாதிரி கட்டையைப் பிளந்துடும். நாரைக் குறுக்க வைக்கணும். அதைவிட நல்லது, பழைய லாரி டயர்ல வெட்டின கெட்டி ரப்பர் துண்டுல நடுவுல ஒரு பள்ளம் போட்டு வெச்சுக்கறது. விளிம்பு பள்ளத்துல இறங்கும், எடை ரெண்டு பக்கமும் பரவும். ஆயில் சம்ப், கியர் பாக்ஸ், சைலன்சர் குழாய், ஸ்டீயரிங் ராடு, தரைத் தகடு, இது எதுலயும் ஜாக்கி முட்டக் கூடாது. தரைத் தகடை ஒட்டியே பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் ஓடும்.

பஞ்சர் கடை அண்ணன் நம்மைவிட ஆயிரம் மடங்கு வீல் கழட்டினவர். அவருக்கு லீட் ஆங்கிள் பாடம் எடுக்க வேண்டாம். "அண்ணா, இங்க ரெண்டு வெட்டு இருக்குல்ல, இதுல போடுங்கண்ணா"ன்னு கையால காட்டினாப் போதும். நான் கேட்ட வரைக்கும் யாரும் கோவிச்சுக்கிட்டதில்ல. ஒருத்தர் மட்டும் "தம்பி மெக்கானிக்கலா?"ன்னு சிரிச்சார்.

எலக்ட்ரிக் கார் வெச்சிருக்கிறவங்க இதைக் கொஞ்சம் பயத்தோடவே கேக்கணும். அதுல தரைத் தகடுக்குக் கீழ இருக்கறது பேட்டரிப் பெட்டி. ஜாக்கி தள்ளி வெச்சா நெளியறது விளிம்பு இல்ல, காரோட விலை உயர்ந்த பாகம். மேனுவல்ல காட்டின புள்ளியைத் தவிர வேற எங்கயும் தொடக் கூடாது, கடையிலயும் நாமதான் சொல்லணும்.

கடைசியா, ஜாக்கி இருக்கான்னே பாருங்க. 2020 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தினது. ட்யூப்லெஸ் டயரும், பஞ்சர் ஒட்டற கிட்டும், டயர் காத்தைக் கண்காணிக்கிற சிஸ்டமும் இருந்தா சின்னப் பயணிகள் வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்ல. அதனால புது வண்டி சிலதுல டிக்கியைத் திறந்தா ஸ்டெப்னியும் இருக்காது, ஜாக்கியும் இருக்காது, ஒரு சின்னக் காத்து பம்பு மட்டும் இருக்கும். செகண்ட் ஹேண்டா வாங்கின வண்டில ஜாக்கி இருக்கும், கைப்பிடி இருக்காது. எல்லாம் இருந்தா, லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டு வாசல்லயே ஒரு தடவை தூக்கி இறக்கிப் பாருங்க. ஒரு பலகையையும் ரெண்டு கட்டையையும் டிக்கியில போட்டுட்டு, ஸ்டெப்னிக்கும் காத்து அடிச்சுட்டு வந்துருங்க.